ஈரத்தலை

டாக்குரியா ஸ்டேஷனை ஒட்டிய மீன் சந்தை வழியாக மூக்கைப் பொத்தாமல் நடக்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. கோமதி மாமிக்கு நாற்பத்தைந்து வருஷம். அதுவும் தானாக வரவில்லை, வழுக்கி விழுந்துதான் வந்தது.

மாமி அம்பாசமுத்திரத்துப் பெண். பத்தொன்பது வயதில் பட்டாபி மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டு இந்தக் கல்கத்தாவுக்கு வந்தாள். மாமாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அன்றைக்குக் குடியேறிய அதே முதல் மாடி வீடுதான் கடைசிவரைக்கும். மாமா போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரே பிள்ளை ஹரீஷ் பெங்களூரில். நாங்கள் அதே கட்டடத்தில் இரண்டாவது மாடி. என் வீட்டுக்காரர் ஜெய்ராமுக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே உத்தியோகம். மாற்றலாகி வந்த முதல் வாரமே மாமி என்னை 'வாடி மது' என்று உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டாள். அன்றிலிருந்து என் பகல்பொழுதில் பாதி அவள் சமையலறையில்தான் போயிற்று.

நாற்பத்தைந்து வருஷமும் மாமி காய்கறி வாங்க மீன் சந்தையைச் சுற்றிக்கொண்டுதான் போவாள். கால் மணி நேரம் கூட நடந்தாலும் பரவாயில்லை. நாங்கள் வருவதற்கு முந்தைய வருஷம், ஒரு மழை நாளில், சுற்றுச் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வேறு வழியில்லாமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மீன் கடைகளுக்கு நடுவில் நுழைந்தாள். பாதி தூரத்தில் செதிலில் கால் வைத்து விழுந்தாள். கடைக்காரர்கள் எல்லாம் 'மாஷிமா, மாஷிமா' என்று கத்தினார்களே தவிர, மடியாக வந்த மனுஷியைத் தொட யாருக்கும் கை வரவில்லை. மீன் நறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி எழுந்து வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். ரிக்‌ஷாவில் ஏற்றி, தானும் ஏறி, வீட்டில் கொண்டுவந்து விட்டாள்.

அவள்தான் ஷெஃபாலி. ஷெஃபாலி நஸ்கர். மாமியைவிடப் பத்து வயது சின்னவள்.

"அன்னிக்கு அவ போனதும் மூணு தடவை தலைக்கு விட்டுண்டேன்டி" என்று மாமி பிறகு சொல்வாள். "மறுநாள் கால் எப்படி இருக்குன்னு பாக்க வந்துட்டா. வாசல்லேயே நிக்கறா. உள்ள வான்னு சொல்ல எனக்கு வாய் வரலே. போன்னு சொல்லவும் வரலே. காபி குடுத்தேன். காபி நன்னா இல்லேன்னா! எங்காத்துக் காபியை! அப்பவே எனக்கு அவளைப் பிடிச்சுப் போச்சு."

ஷெஃபாலி விடியற்காலை கானிங் லோக்கல் ரயிலில் வருவாள். மீன் விற்பவர்கள் ஆண்கள். வாங்கியவர்கள் கொண்டுவந்து கொடுக்கும் மீனை நறுக்கித் தருவது இவள் வேலை. ஒரு முழ உயரத்துக்கு அலகு நிற்கும் பெரிய அரிவாள்மணை, அதை மிதித்துக்கொண்டு ஒரு கால். வழுக்குகிற மீனென்றால் சாம்பலைப் பூசிப் பிடிப்பாள். மூன்று கிலோ ருய் மீன் அவள் கையில் ஐந்து நிமிஷத்தில் துண்டு துண்டாகி, தலை தனியாக, குடல் தனியாகப் பிரிந்து கிடக்கும். பன்னிரண்டு மணிக்குச் சந்தை ஓயும். ஊருக்குப் போகிற வண்டி மூன்றேகாலுக்கு. நடுவில் இருக்கும் நேரம் மாமியுடையது.

கட்டடத்துக்குக் கீழே ஒரு குழாய் உண்டு. அங்கே எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக் கை கால் கழுவிவிட்டுத்தான் மாடி ஏறுவாள். மாமி சொன்னதில்லை, அவளே வைத்துக்கொண்ட வழக்கம். மாமிக்கு முட்டி வலியில் தரையில் உட்கார முடியாது. கட்டிலுக்கு அடியில் கிடந்த அரிவாள்மணையை ஷெஃபாலிதான் இழுத்து வெளியே போட்டாள். அதில் உட்கார்ந்து அவள் வாழைப்பூ ஆய்வதைப் பார்க்க வேண்டும். காலையெல்லாம் மீன் வெட்டின கைதானா என்று தோன்றும். ஒவ்வொரு பூவிலும் நரம்பை நிதானமாக எடுத்துப் போடுவாள். மாமி முக்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை. ஷெஃபாலி பேசுவது வங்காளம். மாமி பேசுவதும் வங்காளம்தான், ஆனால் அம்பாசமுத்திரத்து ராகத்தில். என் காதில் அதெல்லாம் தமிழாகவே விழுந்தது. அப்படியேதான் இங்கே எழுதுகிறேன். மாமியை அக்கா என்று அவள் கூப்பிட்ட 'தீதி'யையும், என்னை அண்ணி என்று கூப்பிட்ட 'பௌதி'யையும் மட்டும் மாற்றவில்லை.

"தீதி, இந்தச் சாம்பார்ல ஒரு கரண்டி சர்க்கரை போட்டா என்ன?"

"போட்டா நீ இந்தாத்துப் படியேற வேண்டாம்."

"நல்லதுக்குச் சொன்னேன். உன் நாக்குக்கு விதிச்சது அவ்வளவுதான்."

மாமி கொடுக்கிற எதையும் ஷெஃபாலி சாப்பிடுவாள். ஆனால் முதலில் தன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்பக்கத்து வராந்தாவுக்குப் போய்விடுவாள். அதில் தலையோடு ஒரு துண்டு மீன் இருக்கும். ஒரே ஒரு துண்டு. அதைச் சோற்றோடு தின்று, தலையையும் முள்ளையும் காத்திருக்கும் சாம்பல்நிறப் பூனைக்குப் போட்டு, கை கழுவி வாய் கொப்பளித்துவிட்டுத்தான் சமையலறைக்குள் வருவாள். காய்ச்சல் வந்து வாய் கசந்த நாளிலும் அந்தத் துண்டை விட்டதில்லை.

"முடியலேன்னா விடேன்" என்று மாமி ஒருநாள் சொன்னாள்.

"விடக் கூடாது தீதி. புருஷன் இருக்கறவ தினமும் மீன் வாயில வைக்கணும். நான் என்னிக்கு நிறுத்தறேனோ அன்னிக்கு அவர் இல்லேன்னு ஊர் சொல்லிடும். கையில சங்கு வளையல், வகிட்டுல சிந்தூர், தட்டுல மீன். இது மூணும் இருக்கற வரைக்கும் அவர் எங்கேயோ நல்லா இருக்கார்."

அவள் புருஷன் நிமாய், அந்தப் பெரிய புயலில் வயலுக்குள் உப்புத் தண்ணீர் ஏறிய பிறகு, சென்னைப் பக்கம் கட்டட வேலைக்குப் போனவர். முதலில் வாரத்துக்கு ஒரு தரம் போன் வந்தது. அப்புறம் மாதம் ஒரு தரம். பிறகு நின்றுபோனது. கிட்டத்தட்ட இரண்டு வருஷமாக ஒரு பேச்சும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன வருஷம் பங்குனியில் ஒருநாள் நாங்கள் மூவரும் சமையலறையில் இருக்கும்போது மாமிக்கு போன் வந்தது. ஸ்ரீரங்கத்தில் இருந்த நாத்தனார் பாகீரதி போய்விட்டாள். மாமி போனை வைத்தாள், நேரே குளியலறைக்குப் போனாள், கட்டின புடவையோடு தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு சொட்டச் சொட்ட வெளியே வந்தாள். ஷெஃபாலி பயந்துவிட்டாள்.

"என்ன தீதி இது? சளி பிடிக்கும்."

"பிடிச்சாலும் விட்டுக்கணும். நம்மவா போயிட்டான்னு காதுல விழுந்தா, அடுத்த காரியம் இதுதான்."

"யார் போனாலுமா?"

"யார் போனாலும் தலைக்கு விட்டுண்டா இந்த ஊர்ல தண்ணி பத்துமா? நம்மவாளுக்கு மட்டும்தான்."

ஷெஃபாலி உள்ளே போய்த் துண்டை எடுத்துவந்து மாமியின் தலையைத் துவட்டினாள். நான் அதை மறந்தே போனேன். அவள் மறக்கவில்லை.

ஆகஸ்டில் பக்கத்துக் கிராமத்து ஆள் ஒருவன் சென்னையிலிருந்து திரும்பி வந்தான். நிமாயை வேலைக்கு வைத்திருந்த மேஸ்திரியின் நம்பரை அவனிடமிருந்து வாங்கி, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டுவந்தாள் ஷெஃபாலி.

"உங்க பாஷையில பேசணும் தீதி. நான் பேசினா அவனுக்குப் புரியாது. நீ கேளு. ஏன் போன் பண்ணலேன்னு நல்லா நாலு வார்த்தை கேட்டுடு."

மாமிக்கு ஒரே உற்சாகம். மறுநாள் ஷெஃபாலி வருவதற்கு முன்பே பேசி, நல்ல சேதியோடு அவளை வாசலிலேயே பிடிக்க வேண்டும் என்று திட்டம். காலையிலிருந்தே விடாத மழை. குடை பிடித்துப் போனவர்கள்கூட நனைந்தார்கள், ஜன்னலைத் திறந்தால் குளிர் அடித்தது. பன்னிரண்டு மணிக்கு நான்தான் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"யாருங்க?"

"நான் கல்கத்தாலேர்ந்து பேசறேன். நிமாய்னு ஒருத்தர், வங்காளி, உங்ககிட்ட கம்பி கட்டற வேலை பாத்தாரே..."

"நிமாயி அண்ணனா? அவுரு தவறிட்டாரேம்மா. வர்ற கார்த்திகை வந்தா ரெண்டு வருசம். மத்தியானம் சாப்ட்டுட்டுப் படுத்தவரு, எந்திரிக்கவே இல்ல. நீங்க யாரு, சொந்தமா?"

மாமி என்னைப் பார்த்தாள். "சொந்தம்தான்" என்றாள்.

"எங்களுக்குத் தெரியாதும்மா. ஊர்ல யாருமே இல்லன்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு. பசங்களே சேந்து எடுத்துப் போட்டோம். ஒரு கொறையும் வெக்கல."

போனை நான்தான் அணைத்தேன். மாமி எழுந்தாள். நேரே குளியலறைக்குப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. என்ன செய்கிறாள் என்று நானும் யோசிக்கவில்லை. அவளும் யோசித்துச் செய்யவில்லை. காதில் விழுந்தது, உடம்பு தானாகப் போய்த் தண்ணீருக்கடியில் நின்றுவிட்டது. வெளியே வந்து புடவை மாற்றி, ஈரப் புடவையை வராந்தாக் கொடியில் பிழிந்து போட்ட பிறகுதான் நினைவு வந்தது.

"மது, அவ வந்துடுவாளேடி. சொல்லப்படாது. சத்தியம் பண்ணு."

"எத்தனை நாளைக்கு மாமி மறைக்க முடியும்? அவளுக்குத் தெரிய வேண்டாமா?"

"மாமா போன பத்தாம் நாள் என்னைச் சுத்தி அத்தனை பொம்மனாட்டிகள் நின்னா. பூவை எடுத்தா, பொட்டை அழிச்சா, தாலியைக் கழட்டினா. எல்லாரும் வேண்டப்பட்டவாதான். ஆனா அவா கையை இன்னிவரைக்கும் நான் மறக்கலே. ஷெஃபாலிக்கு அந்தக் கை என்னோடதா இருக்கப்படாது. அவ பாட்டுக்கு அந்தத் துண்டு மீனைத் தின்னுண்டு இருக்கட்டும்."

மணி அடித்தது. மாமி அவசரமாகத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டாள். ஷெஃபாலி உள்ளே வந்தாள். மாமியின் தலையைப் பார்த்தாள்.

"இந்த நேரத்துல தலைக்குக் குளிச்சியா தீதி?"

"வேர்த்துக் கொட்டித்து."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஷெஃபாலி வராந்தாக் கொடியில் சொட்டிக்கொண்டிருந்த புடவையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"போன் பண்ணினியா?"

"பண்ணினேன். நன்னா இருக்கானாம். இப்ப வேற கம்பெனிக்குப் போயிட்டானாம், ரொம்ப தூரம். அங்க டவரே இல்லையாம். அதான் பேச முடியலே."

"அப்படியா?"

"அந்த மேஸ்திரி தங்கமான மனுஷன். பாத்தா சொல்றேன்னான்."

ஷெஃபாலி டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். மாமியும் கதவருகில் நின்றாள். அன்றைக்கு ஷெஃபாலி மீனின் தலையைக்கூட மிச்சம் வைக்கவில்லை. முள்ளைச் சப்பிச் சப்பி நிதானமாகத் தின்றாள். பூனை கத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மாமி என்னிடம் திரும்பி, "நம்பிட்டா" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் இரண்டு பேருடைய புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

பொய் சொல்வது லேசு, வளர்ப்பதுதான் கஷ்டம் என்று மாமி அடுத்த மாதங்களில் தெரிந்துகொண்டாள். மேஸ்திரி போனில் சொன்னதாக, ஒருநாள் நிமாய்க்குச் சம்பளம் உயர்ந்தது. இன்னொரு நாள் காலில் லேசாகச் சுளுக்கு, மறு வாரமே சரியாகிவிட்டது. ஒரு தடவை மாமி வேகத்தில், "இப்ப அவனுக்கு ரசம்னா உசிராம்" என்று சொல்லிவிட்டாள்.

"ரசமா? அவருக்குப் புளிப்பே ஆகாதே தீதி."

மாமி விழித்தாள்.

"ஊர் மாறினா நாக்கு மாறாதா?" என்றாள் மாமி.

ஷெஃபாலி புடலங்காயிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மாறும் தீதி. நான் உன் காபியைக் குடிக்கலியா?" என்றாள்.

விஜயதசமியன்று, துர்கா பூஜைப் பந்தலில் பெண்கள் ஒருவருக்கொருவர் சிந்தூர் பூசி விளையாடியதில் ஷெஃபாலி முகமெல்லாம் சிவப்பாக வந்து நின்றாள். மாமிக்கு இனிப்பு கொண்டுவந்திருந்தாள். மாமி அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. நான் போய்ப் பார்த்தபோது மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"அவ முகத்துல அந்தச் சிவப்பைப் பாக்கறச்சே சந்தோஷமா இருக்கு. பயமாவும் இருக்கு. என்ன பாவம் பண்ணிண்டிருக்கேனோ தெரியலேடி."

சித்திரை பிறந்து இரண்டாம் நாள் மாமிக்கு மார்வலி வந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஷெஃபாலி வராத நாள். ஜெய்ராமும் நானும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஹரீஷ் மறுநாள் மத்தியான விமானத்தில் வருவதாகச் சொன்னான். சாயங்காலம் ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். மாமி மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் கையை ஆட்டிக் கிட்டே கூப்பிட்டாள்.

"ஷெஃபாலிகிட்ட நீ சொல்லிடுடி."

"நீங்களே வந்து சொல்லுங்கோ மாமி."

"நான் இல்லேன்னா அவளுக்கு யார் சேதி சொல்லுவா? தினம் வந்து நின்னு, அவர் எப்படி இருக்கார்னு கேட்டா? பாதியில விட்டுட்டுப் போறேன். எல்லாத்தையும் சொல்லிடு. நான் பொய் சொன்னேன்னும் சொல்லு. ஊர்ல யாருமில்லேன்னு அவன் சொன்னானே, அதை மட்டும் சொல்லாதே."

மறுநாள் காலை எட்டு மணிக்கு மாமி போய்விட்டாள்.

ஜெய்ராமை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்தேன். மாமி எனக்கு உறவில்லை. அவள் அம்பாசமுத்திரம், நான் கும்பகோணம். ஆனாலும் உள்ளே நுழைந்ததும் கால் நேரே குளியலறைக்குப் போயிற்று. தலையில் தண்ணீர் விழுந்த பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. புடவையை மாற்றிக்கொண்டு, தலையைத் துவட்டாமல் சந்தைக்கு நடந்தேன். இரண்டு சாவையும் ஒரே நாளில் ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது, எதை முதலில் சொல்வது என்று வழியெல்லாம் மனசுக்குள் வார்த்தைகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தேன். பத்து மணி வெயிலே சுட்டெரித்தது.

ஷெஃபாலி ஒரு பெரிய காத்லா மீனின் செதிலைச் சீவிக்கொண்டிருந்தாள். வாங்கினவர் பையை விரித்துக்கொண்டு காத்து நின்றார். என்னைப் பார்த்து, "பௌதி, நீங்க எங்க இந்தப் பக்கம்?" என்று சிரித்தாள். அடுத்த நொடி அவள் பார்வை என் தலைக்குப் போனது. ஈர மயிரிலிருந்து தோளில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தாள். மீன் அவள் கையிலிருந்து நழுவிப் பலகையில் விழுந்தது.

பக்கத்தில் இருந்தவளிடம் மீனை ஒப்படைத்தாள். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள். வழியில் ஒன்றும் கேட்கவில்லை. கட்டடத்துக்குக் கீழே, தினமும் கை கால் கழுவுகிற அதே குழாயடியில் நின்றாள். வாசல் காக்கிற தர்வானின் வாளியை இழுத்து நிரப்பினாள். கட்டின புடவையோடு அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

"தீதி" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

தர்வான் எழுந்து நின்றார். மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். நான் என் முந்தானையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. வாளியை மறுபடி குழாய்க்கு அடியில் வைத்தாள். அது நிரம்பும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். தூக்கி இரண்டாவது தரமும் ஊற்றிக்கொண்டாள். வகிட்டுச் சிந்தூர் கரைந்து நெற்றியில் வழிந்தது.

"இது அவருக்கு" என்றாள்.

நான் வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அந்த மழை நாள்லயே தெரியும். ஜன்னலைத் திறந்தா குளுருது, தீதி வேர்த்துக் கொட்டுதுங்கறா. கொடியில புடவை சொட்டுது. நம்மவங்களுக்கு மட்டும்தான்னு அவதானே சொன்னா? என் வீட்டு ஆளுக்காகத் தலைக்கு ஊத்திட்டு நின்னா பௌதி. எங்க ஊர்ல ஒருத்தர் ஊத்தலே. நானே ஊத்தலே."

"அப்புறம் ஏன் கேக்கலே? ஏன் அந்த மீனை..."

"எப்படிக் கேப்பேன்? அவ மூஞ்சியைப் பாத்தீங்களா அன்னிக்கு? நான் கேட்டு, அவ ஆமான்னு சொன்னா, அவளே என் சங்கை உடைச்சதா ஆயிடும். அதுக்கப்புறம் என்னை வீட்டுக்குள்ள விட்டு என் வெறுங்கையைத் தினமும் பாக்க அவளால முடியுமா? அதான் தின்னேன். அன்னிக்கு அவ பாத்துட்டே நின்னா, தலையைக்கூட விடாம தின்னேன். ஒவ்வொரு வாயும் தொண்டையில நின்னுது. எட்டு மாசம் பௌதி. புருஷன் செத்தது தெரிஞ்சும் எட்டு மாசம் மீன் தின்னவ நான். ஊருக்குத் தெரிஞ்சா காறித் துப்பும்."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சங்கு வளையலை ஒருதரம் சுற்றிவிட்டாள். இனி அதை எங்கே வைத்து, யார் கையால் உடைப்பது என்று யோசித்தாளோ என்னவோ. வராந்தாப் பூனை மாடியிலிருந்து இறங்கிவந்து அவள் காலடியில் நின்றது.

"பௌதி, நீங்க பக்கத்துல இருந்தீங்கதானே. அந்த மேஸ்திரி என்ன சொன்னான்? கடைசியில அவர் என்னைப் பத்தி ஏதாவது சொன்னாராமா?"

எல்லாவற்றையும் சொல்லச் சொன்ன மாமி இந்த ஒன்றை மட்டும் சொல்லாதே என்றாள். இதற்குப் பதிலாக என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லாமல் போய்விட்டாள்.

"சொன்னாராம்" என்றேன். "ஷெஃபாலி, ஷெஃபாலின்னு உன் பேரைத்தான் சொல்லிண்டே இருந்தாராம்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். எட்டு மாதமாக மாமியின் முகத்தை எப்படிப் பார்த்திருப்பாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என்னால் கண்ணைத் தாழ்த்தாமல் இருக்க முடியவில்லை.

"சரி பௌதி" என்றாள்.

டிபன் டப்பாவைத் திறந்து, மீன் துண்டை எடுத்துப் பூனைக்கு முன்னால் வைத்தாள்.